எட்டுக் கறுப்புக் குட்டிகள்

முத்தம்மாளுக்கு உட்காரத் தெரியாது என்று ஆரணி–கவரப்பேட்டை பேருந்தின் நடத்துநர்கள் சொல்வார்கள். பின்னால் நான்கு இருக்கை காலியாக இருந்தாலும் படிக்கட்டை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"யம்மா, சீட்டுக்குத் தனியா டிக்கெட்டு இல்ல. குந்து."

"குந்தினா தூங்கிடுவேன். நீ என்னிய பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டுப் போயிடுவ."

அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

1971இல் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். 1999 முதல் 2016 வரை பதினேழு ஆண்டுகள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் சோறு பரிமாறினாள். மிஞ்சிய சோற்றைப் பின்வாசலில் நாய்களுக்கு வைத்தாள். ஒப்பந்தம் கைமாறியபோது புதிய ஒப்பந்தக்காரர் ஆட்களையும் மாற்றினார். நாய்கள் மட்டும் அங்கேயே இருந்தன. அவற்றுக்குச் சோறு வைக்கத் தினமும் அவள் பேருந்து ஏறி வருவதைப் பார்த்துத்தான் ஒரு பிராணிகள் காப்பகத்தில் வேலைக்கு அழைத்தார்கள். 2017 ஜனவரி 9, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

காப்பகம் கவரப்பேட்டைக்கு அருகே, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில் இயங்கியது. நெடுஞ்சாலையில் லாரி அடித்துப்போட்டவை, வீடு காலி செய்கிறவர்கள் விட்டுவிட்டுப் போனவை, இயந்திரத்துக்கு அடியில் குட்டி போட்டவை என்று நாய்களும் பூனைகளும் வந்து சேரும். மருந்து போட்டு, தேற்றி, கருத்தடை செய்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்கள். வீடு பார்ப்பது முத்தம்மாளின் வேலை. கொடுப்பதற்கு முன் ஒருமுறை போவாள். கொடுத்த மூன்றாம் நாள் சொல்லாமல் போய் மதில்மேல் எட்டிப் பார்ப்பாள். 2024 ஜூன் 15 வரை அவள் கையால் வீடு போனவை நானூற்றுப் பன்னிரண்டு நாய்கள், நூற்று எண்பத்தேழு பூனைகள். ஒவ்வொன்றின் முகமும் தனக்குத் தெரியும் என்பாள். சோதித்துப் பார்த்தவர்கள் தோற்றார்கள்.

காப்பகத்தின் செயலாளர் தேவராஜன், திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு தொழிற்சாலையின் கருவிக் கிடங்கை முப்பது ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் மாதமே ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் எண் பொறித்த தகர வில்லை கட்ட வேண்டும் என்றார்.

"நம்பர் போட்டு மாட்ட இதுங்க இன்னா ஸ்பேனரா?" என்றாள் முத்தம்மாள். "மூஞ்சப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். புஸ்தகத்துக்குத் தெரியணுமே."

கடைசியில் ஓர் உடன்பாடு. ஒரு தாயின் ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கெல்லாம் ஒரே நிறக் கம்பளி நூல், அடுத்த ஈற்றுக்கு வேறு நிறம். குட்டி வீடு போகிற நாளில் நூலைக் கத்தரித்து, அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் பக்கத்திலேயே ஒட்டிவிடுவார்கள். இடையில் எதற்காகவாவது நூலை அவிழ்த்தால் இரண்டு பேர் கூட இருந்து திரும்பக் கட்ட வேண்டும். இது தேவராஜன் போட்ட விதி. முத்தம்மாளுக்கு இந்த விதி அவமானமாக இருந்தது.

ஜூன் 13, வியாழக்கிழமை, தொழிற்பேட்டையில் கிரேன்கள் நிறுத்தி வைக்கும் ஒரு யார்டிலிருந்து நான்கு ஆண் குட்டிகள் வந்தன. தாய் பிடிபடவில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு நெடுஞ்சாலை டீக்கடை ஒன்றின் பின்னாலிருந்து வேறு நான்கு வந்திருந்தன. எட்டும் ஏறக்குறைய ஐம்பது நாள் வயது. எட்டும் கறுப்பு. எல்லாவற்றுக்கும் மார்பில் வெள்ளைப் பொட்டு. யார்டுக் குட்டிகளுக்குச் சிவப்பு நூல், டீக்கடைக் குட்டிகளுக்குப் பச்சை.

சனிக்கிழமை மாலை 4.30க்கு உண்ணிக்காக மருந்துக் குளியல். மறுநாள் ஞாயிறு, குட்டிகளைக் கொடுக்கும் முகாம். நனைந்த கம்பளி கழுத்தில் சிரங்கு உண்டாக்கும் என்று முத்தம்மாள் எட்டு நூல்களையும் அவிழ்த்தாள். உடன் யாரும் இல்லை. வண்டி ஓட்டும் லோகு டீசல் போடப் போயிருந்தான். துவட்டி முடித்து ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்துக் கட்டினாள். ஆறு முடிந்தன. மடியில் இரண்டு மிச்சம். கையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. இரண்டும் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு ஒரே மாதிரிப் பார்த்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை. லோகு வரட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் அவனுக்கும் தெரியாது. வலது தொடைமேல் இருந்ததற்குச் சிவப்பைக் கட்டினாள்.

முகாமில் எட்டும் வீடு போயின.

ஜூன் 25, செவ்வாய், காலை 10.40க்கு கால்நடை மருத்துவர் அமிர்தா காப்பகத்துக்குள் வேகமாக வந்தார். யார்டில் இருந்த தாய் நாய் 20ஆம் தேதி ஆளைத் துரத்தத் தொடங்கி, 22ஆம் தேதி செத்துப்போயிருந்தது. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறிநோய்.

"தாய்க்கு நோய் வெளிய தெரியறதுக்குச் சில நாள் முன்னாடியே எச்சில்ல கிருமி வந்துடும். குட்டிகளை நக்கியிருக்கும். தாயைக் கடிச்ச நாய் குட்டிங்களையும் கடிச்சிருக்கலாம்" என்றார் அமிர்தா. "குட்டிங்களுக்கு இன்னும் தடுப்பூசி போடற வயசாகல. நாலும் இன்னிக்கே திரும்பி வரணும். நாலு மாசம் தனித்தனி அறை. அந்த வீடுங்கள்ல கடி, நகக்கீறல் பட்டவங்க எல்லாரும் இன்னிக்கே ஊசி போட்டுக்கணும். இந்த நோய் வந்துட்டா மருந்து கிடையாது. வர்றதுக்கு முன்னாடி போடற ஊசிதான் மருந்து."

தேவராஜன் பதிவேட்டைத் திறந்து, சிவப்பு நூல் ஒட்டிய நான்கு பக்கங்களிலிருந்தும் விலாசங்களை எழுதிக் கொடுத்தார். முத்தம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். நாலு வீட்டுக்கும் போய் வந்துவிடுவோம், மடியில் மிஞ்சிப் பச்சை கட்டியது போன ஐந்தாவது வீட்டையும் போகிற போக்கில் பார்த்துவிடுவோம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். 11.05க்கு வண்டி புறப்பட்டது.

லோகு நாற்பது வயதுக்காரன். காப்பகத்தின் மூடிய சிறு வண்டியை ஓட்டுகிறவன். அவனும் அவளும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்கிறவர்கள். அந்தப் பயம் இல்லை.

"இன்னா யக்கா, கால ஆட்டிக்கினே வர? வண்டியே ஆடுது."

"ரோட்டப் பாரு."

முதல் வீட்டில் கதவைத் திறந்ததுமே குட்டியைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வீட்டில் ரோசம்மாள் என்கிற தையற்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"குடுக்கும்போது எங்க ஊட்டுச் சமையல்கட்டு வரிக்கும் பூந்து பார்த்த. நாய் எங்க படுக்கும், நீ எங்க படுப்பன்னு கேட்ட. பொண்ணு குடுக்கறவங்ககூட அவ்ளோ கேக்க மாட்டாங்க. இப்ப வியாதி நாயக் குடுத்துட்டேன்னு வந்து நிக்கிற!"

"தப்புதான்மா. திட்டு. திட்டிக்கினே செருப்ப மாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ரோசம்மாள் அப்படியே திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினாள். கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனை வாசலில் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

மூன்றாம் வீடு, நான்காம் வீடு. நான்காவது வீட்டுக் குட்டியைக் கூண்டில் விடும்போது முத்தம்மாள் கையுறையோடு அதன் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். சனிக்கிழமை வலது தொடைமேல் இருந்தது இதுதான். இது யார்டுக் குட்டியா, டீக்கடைக் குட்டியா? மறுபடி பார்த்தாள். அது கொட்டாவி விட்டது.

மணி 1.10. தேவராஜனிடமிருந்து அழைப்பு.

"நாலும் ஆச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு. இங்க ஒரே போன். யார்டு நாய் விஷயம் எல்லா கம்பெனி வாட்ஸப்லயும் போயிண்டிருக்கு. பார்த்திபன்னு வெல்டர் ஒருத்தர், நம்மகிட்ட குட்டி வாங்கினவர், பாவம், பயந்துபோய்க் கேட்டார். பக்கத்தைப் பார்த்தேன். உங்களுது பச்சை நூல், டீக்கடைக் குட்டி, ஒண்ணும் பயமில்லேன்னுட்டேன். நிம்மதியா வெச்சுட்டார்."

முத்தம்மாள் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் மிச்சமிருந்த இரண்டில் பச்சை கட்டியது பார்த்திபனுக்குப் போயிருந்தது. அதுதான் அந்த ஐந்தாவது வீடு.

"கேக்கறதா முத்தம்மா?"

"அய்யா, குட்டி கடிச்சுதுன்னு சொன்னாரா?"

"அதைச் சொல்லலை. பச்சைன்னதும் சரி சார்னுட்டார்."

தொழிற்பேட்டைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முத்தம்மாள் காதோடு போனை அழுத்திக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு நின்றாள்.

"அய்யா, நான் நூல மாத்திக் கட்டிட்டேன்னு நெனைக்கிறேன். குளிப்பாட்டின அன்னிக்கு. ரெண்டு குட்டி எதுன்னு தெரியல. கையில வந்தத கட்டிட்டேன். அந்த பார்த்திபன் குட்டி பச்சை இல்லாமகூட இருக்கலாம்."

எதிர்முனையில் பதிவேட்டின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"கூட யார் இருந்தா?"

"யாருமில்ல."

"ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னா வில்லை மாட்டணும்பீங்க."

தேவராஜன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் போனை அமிர்தாவிடம் கொடுத்தார்.

"மத்த ஆறும் உறுதியா?" என்றார் அமிர்தா.

"உறுதி" என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். "அந்த ரெண்டு தெரியாத வரிக்கும் எல்லாமே உறுதின்னுதான் இருந்தேன் டாக்டரம்மா."

"அப்ப எட்டும் வரணும். பச்சை மூணு வீட்டுக்கு நானும் சாரும் போறோம். நீங்க பார்த்திபனைப் பிடிங்க."

பார்த்திபனின் போன் அணைந்திருந்தது. பெத்திக்குப்பத்தில் அவன் குடியிருந்த வரிசை வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஜெயராஜ் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சண்டே காலையிலயே கெளம்பிட்டாங்க. பொண்டாட்டி ஊர்ல குலதெய்வத்துக்குப் பொங்கல். பள்ளிப்பட்டு."

"குட்டி?"

"அத்த வுட்டுட்டுப் போவானா? பையில போட்டு, ஜிப்பத் தொறந்து வச்சு, காத்து வருதா காத்து வருதான்னு பாத்துக்கினே போனான்."

ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் என்பதால் குட்டி கொடுக்கும்போது ஊர் விலாசம் ஒன்றையும் வாங்கி வைப்பது காப்பகத்தின் வழக்கம். தேவராஜன் படித்துச் சொன்னார்: ஆதிநாராயணன், மாமனார், பள்ளிப்பட்டு. பிடித்த நான்கு குட்டிகளையும் போகிற வழியில் காப்பகத்தில் இறக்கிவிட்டு 2.15க்குக் கிளம்பினார்கள்.

திருவள்ளூர் தாண்டும்வரை முத்தம்மாள் பதினொரு முறை பார்த்திபன் எண்ணை அழைத்தாள். திருவாலங்காட்டுக்குப் பிரியும் சாலையைக் கடக்கும்போது இன்னும் இரண்டு முறை. பச்சை மூன்றும் வந்துவிட்டதாக இடையில் அமிர்தா அழைத்துச் சொன்னார்.

"யக்கா, அந்தப் பட்டன் தேஞ்சுடும்" என்றான் லோகு.

"ஒருவேள கடிச்சிருந்துதுன்னா?"

"குட்டிக் கடி. பால் பல்லு."

"பால் பல்லுல கிருமி நிக்காதா?"

லோகு வேகத்தைக் கூட்டினான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கையின் விளிம்பில் பாதி எழுந்தவாறே வந்தாள். போன் செய்தவன் ஏன் செய்தான் என்பதே அவளைக் குடைந்தது. குட்டி கடிக்காதவன் பயந்துபோய்க் கேட்பானா? கேட்டவனுக்குக் காப்பகம் பதில் சொல்லி அனுப்பிவிட்டது. இனி அவன் யாரையும் கேட்க மாட்டான்.

பள்ளிப்பட்டு சேர்ந்தபோது மணி 5.35. ஆதிநாராயணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பொங்கல் முடிந்து உறவினர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பார்த்திபன், முப்பத்திரண்டு வயது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குட்டியை ஒரு தென்னை மட்டையால் இழுத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"அக்கா! இன்னா, இவ்ளோ தூரம் வந்து எட்டிப் பாக்கற?"

குட்டி துருதுருவென்று இருந்தது. கண் தெளிவு. எச்சில் ஒழுகவில்லை. முத்தம்மாள் அதை இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பார்த்தி, கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். வெல்டர் கை. மணிக்கட்டு முதல் முழங்கைவரை பொறி பட்ட தழும்புகள். இடது கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

"இது?"

"பொறி பட்டுதுக்கா. வியாழக்கிழம."

பதினேழு ஆண்டுகள் தட்டை நீட்டிய கைகளுக்குச் சோறு போட்டவள் அவள். பொறி பட்ட இடம் உருண்டையாக, ஓரம் கருகி, நடு வெளுத்திருக்கும். கையுறை போடுகிற இடத்தில் பொறி படுவதும் இல்லை. இங்கே சுண்ணாம்புக்கு அடியில் இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில், கீழே மூன்றாவது ஒன்று.

"இது பொறி இல்ல. பல்லு."

பார்த்திபன் கையை இழுத்துக்கொண்டான். "கடிச்சாத்தான் இன்னா இப்ப? ஆபீஸ்ல அய்யாவையே கேட்டுட்டேன். என் குட்டி பச்சை. டீக்கடைக் குட்டி. நீ இன்னாத்துக்கு வந்து பேஜாரு பண்ற? தூக்கிக்கினு போய் ஊசி போட்டுக் கொன்னுடுவீங்க. தெரியும் எனக்கு."

ஆதிநாராயணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இன்னா நைனா? யாரிவங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. நாய் குடுத்தவங்க. குடுத்தத திருப்பிக் கேக்கறாங்க."

பார்த்திபனின் மனைவி சுகுணா ஈரக் கையோடு வெளியே வந்தாள். எல்லாரும் முத்தம்மாளைப் பார்த்தார்கள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருந்தாள். ஆனாலும் கால் ஒருமுறை இடம் மாறி நின்றது.

"பச்சைன்னு புக்குல இருக்கு. அந்த நூல கட்டினது நானு. எட்டையும் குளிப்பாட்டிட்டு, ரெண்டு எதுன்னு தெரியாம, நானா ஒண்ணுக்குப் பச்சை கட்டினேன். அது உன் குட்டி. அய்யாவுக்கு இது தெரியாது. தெரியாமத்தான் உனக்குப் பயமில்லன்னுட்டாரு. தப்பு என்னுது. யார்டுல செத்த நாய் இதோட தாயா இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கா இல்லியா?"

"தெரியல."

"உனக்கே தெரியலியா? மூஞ்சப் பார்த்தே சொல்லுவேன்னு அன்னிக்கு முகாமுல மைக்குல சொன்ன!"

"சொன்னேன். தெரியல."

சுகுணா அதற்கு மேல் நிற்கவில்லை. கணவனின் இடது கையைப் பிடித்துச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். மூன்று புள்ளிகளும் தெரிந்தன. "எங்கிட்டயும் பொறின்னு சொன்னியேய்யா" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனை அசைத்தது.

தண்ணீர்க் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார்கள். முத்தம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டாம் நிமிடம் அவன் போதும் என்றபோது "இன்னும் மூணு" என்றாள்.

பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் ஸ்ரீராமன் காயத்தைப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு வைக்கச் சொன்னது யார்?" என்று மட்டும் கேட்டார். கடிவாயைச் சுற்றி ஓர் ஊசி; பிறகு இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. மணி 6.30. அடுத்தவை ஜூன் 28, ஜூலை 2, ஜூலை 23. ஒன்றும் தவறக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். குட்டி நக்கியதாகச் சொன்ன சுகுணாவையும் சோதித்து, புறங்கையில் நகக்கீறல் இருந்ததால் அவளுக்கும் ஊசி போட்டார்.

"நேரத்துல வந்துட்டோமா டாக்டர்?" என்றாள் முத்தம்மாள்.

"அஞ்சு நாள் தாமதம். இன்னும் தாமதமாகியிருக்கலாம். இவ்வளவுதான் சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் அவள் ஜூன் 28 என்ன கிழமை, கும்மிடிப்பூண்டி மருத்துவமனையில் எத்தனை மணிக்குச் சீட்டு, அவனுக்கு எந்த ஷிப்ட் என்று வரிசையாகக் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல, "நான் வந்து நிப்பேன்" என்றாள் ஒவ்வொன்றுக்கும்.

"ஊசிக்கு இட்டுக்கினு போக என்னிய பால்வாடின்னு நெனச்சியா?"

"அத விட மோசம். நீ சுண்ணாம்பு வச்சவன்."

லோகு சிரித்துவிட்டான். பார்த்திபன் சிரிக்கவில்லை. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. குட்டி கூண்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது. அவன் கம்பியருகே விரலைக் கொண்டுபோனான். முத்தம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள்.

"நாலு மாசம் கழிச்சு எனக்கே தருவியாக்கா?"

ஏழரை ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வாக்குக் கொடுத்தவள் அவள். இது நல்ல குட்டி, இது கடிக்காது, இது உங்கள் வீட்டுக்கென்றே பிறந்தது என்றெல்லாம்.

"பொழைச்சா தருவேன்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, அவசரமாக நினைவு வந்தவன்போல், "பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் சோறு துண்ணும். ராடு. வெல்டிங் ராடு இல்ல? அந்த ராடு. அவ்ளோ ஒல்லியா இருந்தான் வரும்போது" என்றான்.

"ராடு" என்றாள் முத்தம்மாள் கூண்டைப் பார்த்து.

குட்டி நடப்பதை நிறுத்தாமல் காதை மட்டும் திருப்பியது. அவள் பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறி, அமிர்தாவை அழைத்து, எட்டாவதும் கிடைத்தது, எந்த அறை காலி என்று கேட்டாள்.